பிக்கப் மாற்றிச் சில வருடங்கள் ஆன பிறகு

கிட்டார் ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் காந்தமும் காயிலும் சேர்ந்த சாமான்தான் பிக்கப். அதை மாற்றிய முதல் வாரத்தில் எழுதப்படும் விமர்சனங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பிக்கப்போடு சேர்த்துப் புது ஸ்ட்ரிங்கும் மாட்டியிருப்பார்கள், உயரத்தையும் சரிசெய்திருப்பார்கள், செலவழித்த பணத்துக்கு நியாயம் தேடும் மனசு வேறு. எதை மாட்டினாலும் அந்த வாரம் பிரமாதமாகத்தான் கேட்கும். இது சில வருடங்கள் ஒரே கிட்டாரில் வாசித்துவிட்டு எழுதுவது. இரண்டு ஹம்பக்கர் (இரைச்சலை அடக்க இரட்டைக் காயில் வைத்த பிக்கப்), மஹோகனி உடல், அசையாத பிரிட்ஜ் (ஸ்ட்ரிங் உடலில் வந்து தங்கும் இடம்). மாறியதெல்லாம் பிக்கப்களும் அவற்றோடு சேர்ந்த சில்லறைச் சாமான்களும்தான்.

கிட்டாரோடு வந்த பிக்கப்களில் எனக்கிருந்த குறை ஒன்றே ஒன்று. நெக் பிக்கப்பில் (கிட்டாரின் கழுத்துப் பக்கம் இருப்பது) வாசிக்கும்போது ஆம்ப்ளிஃபையரில் கெயினை, அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் அளவை, கொஞ்சம் ஏற்றினாலே அடி ஸ்ட்ரிங் இரண்டும் கலந்து மொத்தையாகிவிடும். க்ளீனில், அதாவது கரகரப்பில்லாமல், வாசித்தால் கம்பளியைப் போர்த்திவிட்ட மாதிரி இருக்கும். பிரிட்ஜ் பிக்கப் பரவாயில்லை. ஆனாலும் முதலில் மாறியது பிரிட்ஜ்தான். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன வாசிப்பு) எல்லாம் அங்கேதானே வாசிக்கிறோம், கை முதலில் அங்கேதான் போகும்.

அங்கே போனது டிமார்சியோ கம்பெனியின் சூப்பர் டிஸ்டார்ஷன். 1972-ல் வந்த பிக்கப் இது. அன்றைய ஆம்ப்கள் பலவற்றில் கெயினுக்கென்று தனிக் குமிழ் கிடையாது; சத்தத்தை நன்றாக ஏற்றினால்தான் வால்வு டிஸ்டார்ட் ஆகும். பிக்கப்பே பலமான சிக்னலை அனுப்பிவிட்டால் ஆம்ப் சீக்கிரம் மசியும் என்று செராமிக் காந்தம் வைத்து, காயிலில் நிறையச் சுற்று சுற்றிச் செய்தார்கள். அந்த வேலையை இன்றும் கச்சிதமாகச் செய்கிறது. பவர் கார்டு தடியாக, இறுக்கமாக வரும். தனி நோட்டு மெலிந்துபோகாது. ஆனால் என் ஆம்பில் ஏற்கெனவே தேவைக்கு மேல் கெயின் இருக்கிறது, காலடியில் ஓவர்டிரைவ் பெடலும் இருக்கிறது. பற்றாக்குறையே இல்லாத இடத்தில் இன்னும் கொண்டுவந்து கொட்டிய கதைதான். மாதங்கள் போகப்போக, மெதுவாக அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே அளவில் வருகிறதே என்பது உறுத்த ஆரம்பித்தது. கை எவ்வளவு அழுத்துகிறது என்பதைக் கொண்டு டோனை மாற்ற நினைப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். எந்நேரமும் ஹெவியாக மட்டுமே வாசிப்பவர்களுக்கு இதுவே வசதி.

அடுத்து சீமோர் டங்கன் கம்பெனியின் ஜேபி. இதைப் பற்றிச் சொல்லுமுன் கிலோ ஓம் கணக்கைக் கொஞ்சம் பேசிவிட வேண்டும். பிக்கப் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பதே அந்த எண்ணைத்தான். ‘8 கே என்றால் சாது, 16 கே என்றால் முரடு’ என்று ஒரு நம்பிக்கை. ஜேபியின் மின்தடை 16 கிலோ ஓமுக்குச் சற்று மேல், சூப்பர் டிஸ்டார்ஷன் 14-க்குக் கொஞ்சம் கீழே. ஆனால் ஆம்பைத் தள்ளுவதில் சூப்பர் டிஸ்டார்ஷன் ஒரு துளிகூடப் பின்தங்கவில்லை. காரணம் எளிது. அந்த எண் சொல்வது காயிலில் உள்ள செப்புக் கம்பியின் தடையை மட்டும்தான். பழைய பாணி ஹம்பக்கருக்கு வழக்கமாக 42 கேஜ் கம்பி சுற்றுவார்கள், தடிமன் 0.063 மில்லிமீட்டர். அதே எண்ணிக்கைச் சுற்றை 43 கேஜில் சுற்றினால், கம்பி மெலிந்திருப்பதால் மட்டுமே தடை ஏறக்குறைய கால் பங்கு கூடிவிடும். காந்தம் எது, எவ்வளவு வலு என்பதெல்லாம் மல்டிமீட்டரில் தெரியாது. போதாக்குறைக்கு, செம்பின் தடை வெப்பத்தோடு மாறும். அறை 10 டிகிரி சூடானால் 8 கிலோ ஓம் பிக்கப் 8.3 காட்டும். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை வைத்து இரண்டு பிக்கப்களை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

டோனை ஓரளவு முன்கூட்டிச் சொல்லக்கூடிய எண் இண்டக்டன்ஸ் (காயிலின் மின்தூண்டல், ஹென்றியில் அளப்பது). அதைப் பெட்டியில் அச்சடிப்பவர்கள் குறைவு. காயிலின் இண்டக்டன்ஸும் கேபிளின் கெபாசிடன்ஸும் (மின்தேக்கத் திறன்) சேர்ந்து ஓர் ஒத்ததிர்வுப் புள்ளியை உண்டாக்குகின்றன. அந்த இடத்தில் ஒலி சற்றுத் தூக்கலாக இருக்கும், அதற்கு மேலே சரசரவென்று இறங்கிவிடும். மிதமான ஹம்பக்கர் சுமார் 4.4 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். கேபிள் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட், பிக்கப்பின் சொந்தக் கெபாசிடன்ஸ் இன்னொரு 100. 3 மீட்டர் கேபிளில் அந்தப் புள்ளி 3.8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும். 6 மீட்டர் போட்டால் 2.9-க்கு இறங்கிவிடும். 8 ஹென்றி இருக்கும் ஹாட் பிக்கப்பை (நிறையச் சுற்றுச் சுற்றி, பலமான சிக்னல் தருவது) அதே 6 மீட்டர் கேபிளில் மாட்டினால் 2.1. மனிதக் காது ரொம்பவும் கூர்மையாகக் கேட்கும் எல்லைக்கு அது நெருங்கி நிற்கிறது. ஜேபியை ஒருவர் ‘பாடுகிறது’ என்பதும் இன்னொருவர் ‘காதைக் குத்துகிறது’ என்பதும் அந்த ஒரே மேட்டைப் பற்றித்தான். பளிச்சென்று ஒலிக்கும் கிட்டாரில் குத்தும், சற்று இருட்டான கிட்டாரில் பாடும். என் மஹோகனி கிட்டாரில் சோலோவுக்கு அருமையாகப் பாடியது. ரிதம் வாசித்தால் பாட்டுக்காரரின் குரல் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் பிக்கப்புக்குப் பின்னால் இருப்பதன் பக்கம் கவனம் போனது. வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மாறுமின்தடைதான் பாட். ஹம்பக்கருக்கு 500 கே பாட், ஒற்றைக் காயில் வைத்த சிங்கிள் காயிலுக்கு 250 கே என்பது வழக்கம். எண் குறையக் குறைய அந்த ஒத்ததிர்வு மேடு தட்டையாகும், ஒலி மிருதுவாகும். இந்த பாட்களில் 20 சதவீதம் முன்பின் இருப்பது சகஜம். 500 என்று எழுதியிருப்பது 400-ஆகவும் இருக்கலாம், 600-ஆகவும் இருக்கலாம். என் கிட்டாரில் நெக் வால்யூம் பாட் அளந்தால் 400-ஐ ஒட்டி வந்தது. மொத்தைத்தனத்தில் ஒரு பங்கு அதனுடையது! 500-க்கு மேல் அளந்து பார்த்து ஒன்றைப் போட்டதும் நெக் பிக்கப் கொஞ்சம் மூச்சுவிட்டது. பிரிட்ஜ் பக்கம் ஜேபிக்கு, கழற்றிய அந்த 400 கே பாட் ஒன்றையே மாற்றிப் போட்டேன், அங்கே அது பொருத்தம். பிக்கப்புக்குச் செலவழிக்கத் திட்டமிடும் யாருக்கும் முதலில் மல்டிமீட்டரை எடுத்து பாட்களை அளந்துபாருங்கள் என்றுதான் சொல்வேன். கிட்டாருக்குள் சால்டர் ஆன நிலையில் அளந்தால் தப்பான எண் வரலாம், கழற்றி அளப்பது நல்லது.

அதற்கும் முன்னால் உயரம். இரண்டு திருகு, ஒரு ஸ்க்ரூட்ரைவர், காசே செலவில்லை. கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, ஸ்ட்ரிங்குக்கும் பிக்கப்புக்கும் இடைவெளியை அளக்க வேண்டும். பிரிட்ஜில் 1.6 மில்லிமீட்டர், நெக்கில் 2.4 மில்லிமீட்டர் என்பது கிப்சன் வகைக் கிட்டார்களுக்கு வழக்கமான தொடக்கம். தொடக்கம் மட்டும்தான். நெக் பிக்கப்பை உடலுக்குள் இன்னும் இறக்கி, அதன் போல் திருகுகளில் (ஒவ்வொரு ஸ்ட்ரிங்கின் அடியிலும் நிற்பவை) மேல் ஸ்ட்ரிங்குகளுக்கு உரியதை மட்டும் சற்று உயர்த்தினால் பாதி மொத்தைத்தனம் போய்விடும். சிங்கிள் காயிலில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே காந்தமே கம்பமாக நிற்பதால், மிக நெருக்கமாக வைத்தால் ஸ்ட்ரிங்கை இழுத்து, மேல் ஃப்ரெட்களில் சுருதியே அலையும்.

சரி, நெக்குக்கு வருவோம். அங்கே போட்டது டங்கனின் ’59. மின்தடை 7.4 கிலோ ஓம் அளவில், அல்நிகோ 5 காந்தம். செத் லவர் கிப்சனில் வடிவமைத்து 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கரின் வழியில் வந்தது. அந்தக் காப்புரிமை 1959-ல்தான் கிடைத்தது. அந்தக் காலப் பிக்கப்களின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று ஒட்டியிருந்த சீட்டுத்தான் இன்று வியாபாரிகள் வாயில் மந்திரமாகிவிட்டது. மந்திரம் எல்லாம் இல்லை. சுற்று குறைவு, இண்டக்டன்ஸ் குறைவு, அதனால் மேல் ஒலி தப்பி வருகிறது, அவ்வளவுதான். ஆனால் விளைவு பெரிது. கெயின் போட்டு ஐந்து ஸ்வரக் கார்டு வாசித்தாலும் ஒவ்வொரு நோட்டும் தனியாகக் கேட்டது. வால்யூமை 6-க்கு இறக்கினால் ஏறக்குறைய க்ளீன். இந்தக் கிட்டாரில் செய்த மாற்றங்களில் நான் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். இன்றுவரை அதைக் கழற்றவே தோன்றவில்லை.

’59 வந்த பிறகு ஒரு புதுச் சிக்கல். நெக்கிலிருந்து பிரிட்ஜுக்கு மாறினால் ஜேபி எகிறிக் குதித்தது. உயரத்தை வைத்து ஓரளவுக்குத்தான் சமன்படுத்த முடிந்தது. கடைசியில் பிரிட்ஜுக்கும் 8 கிலோ ஓம் சுற்றுவட்டாரத்தில், அல்நிகோ 5 வைத்த மிதமான ஒன்றே போனது. முதல் சில நாள் ‘என்ன, இவ்வளவு மெலிசா?’ என்றுதான் இருந்தது. ஆம்பில் கெயினைச் சற்று ஏற்றியதும் அந்தக் கேள்வி போய்விட்டது. ஹாட் பிக்கப்பில் கிடைக்கும் தடிமனைப் பெடலில் சேர்த்துக்கொள்ளலாம். ஹாட் பிக்கப் தின்றுவிட்ட நுணுக்கத்தை எந்தப் பெடலும் திருப்பித் தராது.

இதற்கு நேர்மாறான கட்சியும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவர் கிட்டாரில் ஈஎம்ஜி 81. ஆக்டிவ் பிக்கப், 9 வோல்ட் பேட்டரி, உள்ளேயே சின்ன ப்ரீஆம்ப், 25 கே பாட். கேபிள் எவ்வளவு நீளமானாலும் டோன் மாறாது, இரைச்சல் துளியும் இல்லை, வேகமான பாம்-ம்யூட் (உள்ளங்கை ஓரத்தால் ஸ்ட்ரிங்கை அமுக்கி வாசிப்பது) ரிஃபுக்கு அதன் துல்லியம் வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. வால்யூமைக் குறைத்துக் கொஞ்சலாக வாசிக்க அதில் மனம் வரவில்லை. வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்காவிட்டால் பேட்டரி காலி.

வாங்குமுன் பார்க்க வேண்டியது ஸ்ட்ரிங் இடைவெளி. பழைய கிப்சன் வகைக்குப் போல்களின் அகலம் சுமார் 50 மில்லிமீட்டர், ட்ரெமலோ பிரிட்ஜ் (அசையக்கூடிய பிரிட்ஜ்) உள்ள கிட்டார்களுக்குச் சுமார் 53. பொருந்தாவிட்டால் ஒலியில் பெரிய நஷ்டம் இல்லை, கண்ணுக்குத்தான் உறுத்தும். நிறம், மூடி எல்லாம் அவரவர் விருப்பம். (யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் முடிவை எடுப்பது பல நேரம் அந்த நிறம்தான்.)

மாட்டும்போது கம்பி நிறத்தில்தான் ஆள் மாட்டிக்கொள்வது. டங்கனில் கருப்பு ஹாட், அதாவது சிக்னல் வரும் கம்பி. சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேரும். பச்சையும் மேலே சுற்றிய வெறும் கம்பியும் எர்த்துக்கு. டிமார்சியோவில் சிவப்பு ஹாட். கருப்பும் வெள்ளையும் சேரும். எர்த்துக்குப் பச்சையும் வெறும் கம்பியும். இரண்டு கம்பெனியைக் கலந்து மாட்டினால் ஃபேஸ் (இரண்டின் சிக்னலும் ஒரே திசையில் நகர்வது) ஒத்துப்போகிறதா என்று சால்டருக்கு முன்பே பார்த்துவிடலாம். மல்டிமீட்டரைப் பிக்கப்பில் இணைத்துவிட்டு, ஒரு ஸ்க்ரூட்ரைவரைப் போலின் மேல் ஒட்டவைத்து வெடுக்கென்று எடுங்கள். எண் ஒரு பக்கம் நகரும். இரண்டு பிக்கப்பிலும் ஒரே பக்கம் நகர்ந்தால் சரி. எதிரெதிராக நகர்ந்தால், நடு ஸ்விட்சில் ஒலி மூக்கடைத்த மாதிரி மெலிந்து வரும். ஒன்றின் ஹாட்டையும் பச்சையையும் மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. நான்கு கம்பி இல்லாத பழைய வகை ஒற்றைக் கம்பிப் பிக்கப்பில் இந்த வசதி கிடையாது, அதனால் முடிந்தவரை நான்கு கம்பி வாங்குவது நல்லது.

காயில் ஸ்ப்ளிட், அதாவது ஹம்பக்கரில் ஒரு காயிலை மட்டும் ஒலிக்கவிடுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஹாட் பிக்கப்பில்தான் அது எடுபடும். 16 கிலோ ஓமில் பாதி என்றாலும் ஏதாவது மிஞ்சும். 8-ல் பாதி 4, சத்தம் படுத்துவிடும், கூடவே மின்சார இரைச்சலும் திரும்பி வந்துவிடும். மிதமான ஹம்பக்கரில் இரண்டு காயிலையும் பேரலலாக இணைத்தால் இரைச்சல் இல்லாமலே பளிச்சென்ற ஒலி கிடைக்கிறது. என் கிட்டாரில் நெக்குக்கு அப்படித்தான் ஒரு புஷ்-புல் பாட் (குமிழை இழுத்தால் ஸ்விட்சாகவும் வேலை செய்வது) இருக்கிறது.

கழற்றிய பழைய பிக்கப்களை வீசாதீர்கள். கம்பியை நீளமாக விட்டு வெட்டி, எது நெக், எது பிரிட்ஜ் என்று எழுதி ஒட்டி வையுங்கள். கிட்டாரை விற்கும் நாளில் அதனுடைய சொந்த பிக்கப்களைத் திருப்பி மாட்டிக் கொடுத்துவிட்டு, தேடிப் பிடித்ததை அடுத்த கிட்டாருக்குக் கொண்டுபோகலாம்.