வேலைவாய்ப்பு ஏஜென்சியை நேரில் பார்ப்பதா, வீடியோ காலில் பேசுவதா?

"எப்படி வந்தாலும் சரி" என்று ஏஜென்சி சொல்லிவிட்டால் குழப்பம் நமக்குத்தான்.

செலவு
நேரில்: பயணம், அரைநாள் விடுப்பு.
வீடியோ: உணவு இடைவேளையிலேயே முடித்துவிடலாம்.

தயாரிப்பு
நேரில்: ரெஸ்யூம் இரண்டு பிரதி, சான்றிதழ் நகல்கள். ஒரிஜினலைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது.
வீடியோ: ரெஸ்யூமை முதல்நாளே பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். குறிப்புச்சீட்டைத் திரையோரம் ஒட்டிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது.

மனதில் நிற்பது
நேரில்: பேச்சுவாக்கில் "இன்னொரு வேலையும் இருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்று கேட்க வாய்ப்பு அதிகம்.
வீடியோ: கேள்வி, பதில், வணக்கம்.

எந்த வழியானாலும் மூன்று விஷயங்களைக் கையோடு வைத்திருங்கள்: எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் காலம் (இப்போதைய வேலையை விட எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பது), ஏற்கெனவே விண்ணப்பித்த நிறுவனங்களின் பட்டியல். கடைசியைத்தான் பலர் மறக்கிறார்கள். ஒரே நிறுவனத்துக்கு உங்கள் ரெஸ்யூம் இரண்டு ஏஜென்சி வழியாகப் போனால், கமிஷன் யாருக்கு என்று தகராறு வரும். வம்பே வேண்டாமென்று நிறுவனம் உங்களையே ஒதுக்கிவிடலாம்.

பணம் கேட்டால் உஷார். வேலை தேடுபவரிடம் தனியார் ஏஜென்சிகள் கட்டணம் வாங்கக்கூடாது என்பதே சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் உடன்படிக்கையின் பொது விதி.

துறை மாறுபவர்களும் இடையில் சில வருடம் வேலையில் இல்லாதவர்களும் நேரில் போங்கள். ரெஸ்யூம் சொல்லாததை நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். இப்போது வேலையில் இருந்துகொண்டு, அதே துறையில் அடுத்த படி தேடுபவருக்கு வீடியோவே போதும்.