கடவுச்சொல் எங்கே இருக்க வேண்டும்: உயிலிலா, உறையிலா, நிறுவனத்தின் ஏற்பாட்டிலா?

என் அண்ணன் பழைய வண்ணாரப்பேட்டையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புகைப்பட நிலையம் நடத்தியவர். வீடு, வங்கிக் கணக்கு, கடைச் சாமான்கள் என எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் உயிலில் எழுதியிருந்த அவர், வாடிக்கையாளர்களின் திருமணப் படங்கள் முழுவதும் கூகுள் டிரைவில் இருப்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் இறந்தபின் அண்ணி அவருடைய கைப்பேசி எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யவில்லை. சில மாதங்களில் எண் போயிற்று, அந்தக் கணக்கைத் திறக்க ஓடிபி வரும் வழியும் அடைபட்டது. படம் கேட்டு வந்த குடும்பங்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் அண்ணி நின்றதைப் பார்த்த பிறகுதான், இதற்கென உள்ள வழிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

பலருக்கும் முதலில் தோன்றும் வழி, கடவுச்சொற்களை உயிலிலேயே எழுதிவிடுவது. இது மிகத் தவறான வழி என்பது என் உறுதியான கருத்து. பதிவு செய்யப்பட்ட உயிலின் நகலை, எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோ மட்டுமே பெற முடியும். அவர் இறந்தபின் விண்ணப்பிக்கும் எவருக்கும் அதை வழங்கலாம் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. முத்திரையிட்ட உறையில் பதிவாளரிடம் ஒப்படைத்தாலும், இறப்புக்குப் பின் உறை பிரிக்கப்பட்டு உள்ளிருப்பது பதிவேட்டில் படியெடுக்கப்படும். அதோடு, கடவுச்சொல்லை மாற்றும்போதெல்லாம் இரண்டு சாட்சிகளை அழைத்து உயிலைத் திருத்திக்கொண்டிருக்க யாராலும் முடியாது.

இரண்டாவது வழி, கூகுளும் ஆப்பிளும் தாமே தரும் ஏற்பாடுகள். கூகுள் கணக்கு 3, 6, 12 அல்லது 18 மாதங்கள் பயன்பாடின்றி இருந்தால் நாம் முன்பே குறித்த நபர்களுக்கு, அதிகபட்சம் பத்துப் பேருக்கு, தகவல் போய், நாம் அனுமதித்த தரவுகள் அவர்கள் கைக்கு வரும். சரிபார்ப்புக் குறியீடு அவர்களுடைய எண்ணுக்கே வருவதால், இறந்தவரின் எண் போனாலும் பாதகமில்லை. அண்ணன் இதைச் செய்திருந்தால் படங்கள் தப்பியிருக்கும். ஆனால் ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும்: அப்பாவின் நினைவாக மகன் அந்தக் கைப்பேசியைச் சார்ஜ் போட்டு இயக்கத்திலேயே வைத்திருந்தால், கணக்கு பயன்பாட்டில் இருப்பதாகவே கூகுள் எடுத்துக்கொள்ளும், காத்திருப்புக் காலம் முடியவே முடியாது. ஆப்பிளில் இந்தக் காத்திருப்பு இல்லை; முன்பே குறிக்கப்பட்டவர் அணுகல் குறியீட்டையும் இறப்புச் சான்றிதழையும் கொடுத்தால் போதும். அங்கும் கிடைப்பது மூன்று ஆண்டுகளுக்கான அணுகல் மட்டுமே, அதன்பின் கணக்கு அழிக்கப்படும். சேமித்து வைத்த கடவுச்சொற்கள் அதில் கிடைக்கா. முகநூலில் குறிக்கப்படுபவர் இறந்தவரின் பக்கத்தைப் பராமரிக்கலாம், செய்திகளைப் படிக்க முடியாது.

இந்த ஏற்பாடுகள் தருவது அணுகலே தவிர உரிமை அன்று. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கின் நாமினி விஷயத்திலும் இதே குழப்பம் உண்டு: பங்குகளின் நாமினி அவற்றைப் பெற்றுக்கொள்பவரே ஒழிய, வாரிசுகளை மீறிய உரிமையாளர் ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. எனவே நாமினி ஒருவராகவும் உயிலில் வேறொருவராகவும் இருந்தால், பிள்ளைகளுக்குள் வழக்கு வர நாமே வழிவிட்டதாகும்.

மூன்றாவது வழியைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். எந்தெந்தக் கணக்கு யாருக்கு என்பதையும், அவற்றைத் திறந்து கையாள நிறைவேற்றுநருக்கு, அதாவது உயிலை நிறைவேற்ற நான் நியமித்தவருக்கு, என் முழு அனுமதி உண்டு என்பதையும் உயில் சொல்கிறது. கடவுச்சொற்கள் தனி உறையில் இருக்கின்றன, அந்த உறை இருக்கும் இடத்தை மட்டும் நிறைவேற்றுநர் அறிவார். கணினி வசதி உள்ளவர்கள் உறைக்குப் பதிலாகக் கடவுச்சொல் மேலாண்மைச் செயலியைப் பயன்படுத்தலாம். எதுவானாலும் உயில் காகிதத்தில்தான் இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குத் தரும் ஏற்பிலிருந்து உயிலை விலக்கி வைத்திருக்கிறது. மண்ணடியில் இதைப் பற்றிப் பேசியபோது ஒரு நண்பர் நினைவூட்டியதையும் சேர்க்கிறேன்: முஸ்லிம் தனிச்சட்டப்படி, வாரிசுகள் இசையாவிட்டால் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதிய பகுதி செல்லாது, இணையக் கணக்குகளின் மதிப்பையும் சொத்து மதிப்பில்தான் சேர்க்க வேண்டும்.

உறையின் அருமை கிரிப்டோவில்தான் முழுமையாக விளங்கும். கிரிப்டோ நாணயம் சொத்தே என்று, பாரிமுனையில் இருக்கும் நம் சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியிருக்கிறது. ஆகவே அதை உயிலில் எழுதத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் பரிமாற்றத் தளத்தில் வைக்காமல் சொந்த வாலட்டில் (தன் கட்டுப்பாட்டிலேயே இருக்கும் மின்னணுப் பணப்பையில்) வைத்திருப்பவரின், அதைத் திறக்க உதவும் 12 அல்லது 24 மீட்புச் சொற்கள் தொலைந்துவிட்டால், எந்த நீதிமன்ற ஆணையாலும் அதைத் திறக்க இயலாது. அந்தச் சொற்களைக் கைப்பேசியில் படமெடுத்து வைக்காமல், தாளில் எழுதி, பீரோ லாக்கரில் பத்திரத்தோடு வைப்பதே நல்லது.

என் உறையின் மேல்தாளில் முதல் வரியாக நான் எழுதியிருப்பது இது: கணக்குகள் எல்லாம் முடித்து வைக்கப்படும்வரை இந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள்.