காட்டு நிலத்துக்குப் பட்டா வாங்கித் தருவதாக ஆள் வந்தால் நம்பாதீர்கள்

ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் நடந்தது இது. கல்வராயன், கொல்லிமலைப் பக்கம் இருப்பவர்களும் படித்துவிட்டு வீட்டில் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

கீழேயிருந்து வந்த ஒரு புரோக்கர், வன உரிமைப் பட்டா (காட்டு நிலத்தில் உழுது வாழும் சனங்களுக்கு அந்த நிலத்தின் மேல் அரசு தரும் உரிமைப் பத்திரம்) வாங்கித் தருவதாக வீட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் வாங்கினார். எல்லாம் சாமையும் கடுக்காயும் விற்ற காசு. "கிராம சபையெல்லாம் எதுக்கு, நான் நேரா மேல பேசிக்கிறேன்" என்றார். சில மாதம் கழித்து லேமினேஷன் போட்ட ஒரு தாள் வந்தது. அதில் அப்பா பெயர் மட்டும் இருந்தது. அடியில் தாசில்தார் முத்திரை. இதை விற்கலாம், அடமானம் வைக்கலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். விசாரித்தால் அத்தனையும் போலி.

2006 வன உரிமைச் சட்டப்படி தரும் பட்டாவில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கும். கலெக்டர், மாவட்ட வன அலுவலர், பழங்குடியினர் நல அலுவலர் மூவரும் கையெழுத்திடுவார்கள். பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது. மனுப் படிவம் இலவசம். கிராம சபையைத் தாண்டி யாரும் வாங்கித் தர முடியாது.

தமிழ்நாட்டில் 2008-ல் வந்த உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டா கொடுப்பது நின்றுபோய், 2016-ல்தான் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. அத்தனை வருடம் காத்துக் கிடந்த சனங்களைத்தான் இந்த ஆட்கள் குறிவைக்கிறார்கள்.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. காட்டில் உழுததற்காக வனத்துறை தாத்தாவுக்குப் போட்ட அபராத ரசீதுகளை, மூங்கில் குழாயில் சுருட்டிப் பரணில் பத்திரமாக வைத்திருந்தோம். சட்டம் கெடுவாக வைத்திருக்கும் 2005 டிசம்பர் 13-க்கு முன்பே நிலம் எங்கள் அனுபவத்தில் இருந்தது என்பதற்கு எங்களிடம் இருந்த சாட்சி அதுதான். அசலையே வாங்கிக்கொண்டு போய்விட்டார், பாவி. போன் எடுப்பதில்லை. போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம்.

இப்போது கிராம சபை அமைத்த வன உரிமைக் குழுவிடம் முறையாக மனு கொடுத்திருக்கிறோம். ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம், பழைய வீட்டு அடித்தளம், மூதாதையரைப் புதைத்த இடம் இவையும் ஆதாரமாகச் செல்லும். குறைந்தது இரண்டு ஆதாரம் வேண்டும். யார் கேட்டாலும் நகல் மட்டும் கொடுங்கள். மனு கொடுத்ததும் குழுவிடம் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மனு முடிவாகும்வரை நிலத்தைவிட்டு உங்களைக் கிளப்பவும் சட்டத்தில் இடமில்லை, அதனால் அவசரப்பட்டு யாரிடமும் காசு கொடுக்காதீர்கள்.