சுவரில் மோல்டிங் ஏறி 7 ஆண்டுகள்: எது நின்றது, எது நிற்கவில்லை

எங்கள் வீட்டுச் சுவர்களில் மோல்டிங், அதாவது அலங்காரப் பட்டிகள், போட்டு 7 ஆண்டுகள் ஆகின்றன. போட்ட வாரத்தில் எல்லா மோல்டிங்கும் அழகாகத்தான் இருக்கும். பெயின்ட் வாசனை போகாத வீட்டைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது என்பதால் இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன். ஹாலில் சுவரும் கூரையும் சேரும் ஓரத்தில் பாலியூரித்தேன் (நுரைப் பிளாஸ்டிக்) பட்டியான கார்னிஸ், அதே ஹாலின் ஒரு சுவரில் எம்.டி.எஃப். என்ற மரநார்ப் பலகையின் மெல்லிய பட்டிகளால் (பீடிங்) கட்டம் கட்டமாகச் செய்த பேனல், படுக்கையறையில் பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) கார்னிஸ், கதவுகளைச் சுற்றி மரச்சட்டம், வீடு முழுக்கச் சுவரடியில் தரையை ஒட்டி ஓடும் ஸ்கர்டிங். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வயதாகியிருக்கிறது.

எனக்குப் புரியவே இரண்டு வருடம் பிடித்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் சுவரில் வெள்ளை மோல்டிங் எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது? நிழலால்தான். ஒவ்வொரு வளைவும் பள்ளமும் தனக்குக் கீழே மெல்லிய நிழல்கோடு ஒன்றை விடுகிறது. நாம் பார்ப்பது அந்தக் கோட்டை. எங்கள் பேனல் சுவருக்குப் பக்கத்திலேயே ஜன்னல் இருக்கிறது. காலை வெளிச்சம் சுவரை ஒட்டிச் சாய்வாக வரும்போது கட்டங்கள் எல்லாம் எழுந்து நிற்கும். இரவில் நடுக்கூரை விளக்கை மட்டும் போட்டால் பாதி மறைந்துவிடும். மூன்றாம் ஆண்டில் அந்தச் சுவரின் ஓரத்தில் ஒரு சுவர்விளக்கு வைத்தோம். அன்றைக்குத்தான் அந்த வேலை முழுமையாயிற்று என்று நினைக்கிறேன். டிசைன் தேடுவதற்கு முன்னால் அறையில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

இதே காரணத்தால் அகலத்தைவிடக் கனம்தான் முக்கியம். நடைபாதைச் சுவரில் முதலில் 6 மில்லிமீட்டர் கனமுள்ள தட்டைப் பட்டிகளை ஒட்டினோம். பென்சிலால் கோடு போட்டதுபோல இருந்தது. பிறகு அவற்றைக் கழற்றிவிட்டு 18 மில்லிமீட்டர் கனத்தில், வளைவு உள்ள பீடிங் வைத்தோம். அகலம் அதேதான், ஆனால் சுவருக்கு உயிர் வந்துவிட்டது.

பேனல் போடுவதற்கு முன் ஒரு வாரம் சுவரில் மாஸ்கிங் டேப்பால் கட்டங்களை ஒட்டி வைத்துப் பார்த்தோம். இந்த ஏழு ஆண்டுகளில் நாங்கள் செய்த ஆக நல்ல காரியம் அதுதான். காகிதத்தில் 5 கட்டங்கள் சரியாக இருந்தன. சுவரில் ஒட்டியபோது ஒரு கட்டத்தின் கோடு சுவிட்ச்போர்டின் நடுவே போனது. 4 கட்டங்களாகக் குறைத்து, எல்லாப் பக்கமும் 4 அங்குல இடைவெளி விட்டோம். நடுவில் ஓடும் கிடைப்பட்டியை முதலில் சுவரின் சரிபாதியில் வைத்திருந்தோம். சுவர் இரண்டாக அறுபட்டதுபோல் தெரிந்தது. தரையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு இறக்கியதும் கண் உறுத்தல் நின்றது.

இனி மூலைகள். மோல்டிங்கின் ஆயுள் மூலையில்தான் இருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த வீட்டுச் சுவரும் மூலையில் சரியாக 90 டிகிரி இருக்காது. எங்கள் ஹாலில் ஒரு மூலை 92 டிகிரி. அங்கே இரண்டு துண்டையும் 45 டிகிரியில் அறுத்துப் பொருத்தினால் வெளிப்பக்கம் வாய் திறந்து நிற்கும். ஒவ்வொன்றின் முனைக்கோணமும் 46 டிகிரி வரும்படி அறுக்க வேண்டும். முதலில் வேலை செய்தவர் அளக்காமல் எல்லாவற்றையும் 45-இல் அறுத்து, இடைவெளியைப் புட்டியால் அடைத்துவிட்டார். புட்டி இறுகிப்போகும் பொருள், வளைந்து கொடுக்காது. முதல் கோடை முடிவதற்குள் மூலைக்கு மூலை மயிரிழை விரிசல்.

அதைச் சரிசெய்ய வந்த தச்சர் வயதானவர். மூலையில் விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "உள்மூலைல ரெண்டையும் சாய்ச்சு அறுக்கக் கூடாதுங்க. ஒண்ணு நேரா சுவரைப் போய் முட்டணும். இன்னொண்ணு அது மேல வந்து உட்காரணும்" என்றார். முதல் துண்டை நேராக அறுத்து மூலை வரை ஓட்டினார். இரண்டாவது துண்டின் முனையை, முதல் துண்டின் வளைவுக்கு ஏற்றபடி சின்ன வாளால் செதுக்கி எடுத்தார். ஒன்றின் மேல் ஒன்று படிந்து நிற்பதால் மரம் கொஞ்சம் சுருங்கினாலும் வெடிப்பு கண்ணில் படாது. ஒரு மூலைக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அவர் செய்த மூலைகள் இன்றுவரை அப்படியே இருக்கின்றன. அந்தக் கைகளை நினைத்துக்கொள்ளாமல் நான் அந்த மூலைகளைக் கடப்பதில்லை.

நீளவாக்கில் இரண்டு துண்டுகளை இணைக்கும் இடத்திலும் முனைக்கு முனை முட்டவிடாமல், சாய்வாக அறுத்து ஒன்றின் மேல் ஒன்றைப் படியவைக்கச் சொல்லுங்கள். சுவருக்கும் மோல்டிங்குக்கும் நடுவே உள்ள சந்துக்கு அக்ரிலிக் சீலன்ட் (சந்தை அடைக்கும் பசை) போதும். அது இழுத்துக்கொடுக்கும், மேலே பெயின்டும் பிடிக்கும். சாதாரண சிலிகான் வேண்டாம். ஓர் அறையில் சிலிகான் அடித்துவிட்டோம். அதன்மேல் பெயின்ட் நிற்கவே இல்லை, முழுவதையும் சுரண்டி எடுக்க இரண்டு நாள் போயிற்று.

எம்.டி.எஃப். மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகை. வளைவுகள் வழவழப்பாக வரும், பெயின்ட் அருமையாக ஏறும். ஆனால் தண்ணீர் அதற்கு எமன். குளியலறை வாசலை ஒட்டிய ஸ்கர்டிங் இரண்டாம் ஆண்டில் அடியில் உப்பிவிட்டது. முகப்பில் மூன்று கோட் பெயின்ட் இருந்தது. தரையைத் தொடும் அறுத்த விளிம்பில் பிரைமர்கூட இல்லை. துடைப்பத்தின் ஈரமெல்லாம் அந்த வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. உப்பிய எம்.டி.எஃப். காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது, மாற்றத்தான் வேண்டும். மற்ற அறைகளில் ஸ்கர்டிங்கைக் கழற்றி, அறுத்த விளிம்புகளுக்கெல்லாம் இரண்டு கோட் பிரைமர் அடித்து மாட்டினோம். ஐந்து வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. அறுக்கும்போது முகமூடி கட்டாயம். அந்தத் தூள் மாவைவிட மெல்லியது, நெஞ்சுக்குள் போகக் கூடாது.

குளியலறை வாசலில் இப்போது பி.வி.சி. பிளாஸ்டிக் ஸ்கர்டிங். தண்ணீருக்குக் கவலையில்லை. ஆனால் சூட்டுக்கு நீளும்: 3 மீட்டர் துண்டு ஒன்று, வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். முனையில் இடம் விடாமல் இறுக்கிப் பொருத்தினால் நடுவில் வளைந்து சுவரை விட்டு வெளியே வரும்.

பிஓபி-யைப் பற்றி எனக்கு இரண்டு மனம். ஜிப்சத்தைச் சுட்டு அதிலுள்ள நீரில் பெரும்பகுதியைப் போக்கினால் கிடைக்கும் பொடி அது. மீண்டும் நீர் சேர்த்தால் இறுகும்போது இம்மியளவு விரியும். அதனால் அச்சின் ஒவ்வொரு நுணுக்கத்துக்குள்ளும் போய் நிரம்பும். அந்தக் கூர்மையான விளிம்பு வேறு எதிலும் வருவதில்லை, படுக்கையறையில் படுத்தபடி அதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் நான்காம் ஆண்டில் மேலே ஒரு குழாய் கசிந்தது. இரண்டடி நீளத்துக்குப் பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தது. அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் புதிதாக இழுத்தார்கள். ஒட்டிய இடம் இன்னமும் எனக்குத் தெரிகிறது. மேலே தண்ணீர்க் குழாய் ஓடும் அறையென்றால் பிஓபி-யைத் தவிர்த்துவிடுவேன்.

ஹாலின் பாலியூரித்தேன் கார்னிஸைப் பற்றிச் சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை, அதுவே அதற்குப் பாராட்டு. எடை குறைவு, ஈரம் ஏறாது, ஒரு விரிசல்கூட இல்லை. கடையில் பக்கத்திலேயே பார்க்க அதே மாதிரி இருக்கும் தெர்மோகோல் வகையோடு மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் விரல் பட்டாலே குழி விழும், கரைப்பான் கலந்த பசை பட்டால் உருகிவிடும்.

படுக்கையறையில் ஒரு வருத்தம் உண்டு. கூரை உயரம் 9 அடிக்கும் குறைவு. ஹாலில் வைத்த அதே அளவில் கார்னிஸ் போட்டதால் கூரை தலைமேல் இறங்கியதுபோல இருந்தது. கார்னிஸுக்கும் சுவருக்கும் ஒரே நிறம் அடித்த பிறகு ஓரளவு சரியானது. பாதி அகலம் போட்டிருக்க வேண்டும்.

பராமரிப்பு என்றால் தூசிதான். கிடைப்பட்டியின் மேல்விளிம்பில் வாரம் ஒருமுறை உலர்ந்த தூரிகை போட வேண்டும். ஈரத்துணி போட்டால் தூசி சேறாகிப் பள்ளத்தில் தங்கிவிடும். ஐந்தாம் ஆண்டில் மறுபெயின்ட் அடித்தபோது வெறும் சுவருக்கு ஒரு நாள், பேனல் சுவருக்கு மூன்று நாள். ஸ்கர்டிங்குக்கு மட்டும் இலேசான மினுமினுப்புள்ள சாட்டின் பெயின்ட் அடித்தோம், துடைத்தால் அழுக்குப் போகிறது. மற்ற இடங்களில் பளபளப்பில்லாத மேட். பளபளப்பு அடித்தால் ஒவ்வொரு சிறு குழியும் கூரை விளக்கில் தெரியும்.

இப்போது மகளின் அறையில் படம் மாட்டுவதற்கான பட்டி ஒன்று போடப்போகிறோம். போன ஞாயிறு டேப் ஒட்டி வைத்தேன். பள்ளிவிட்டு வந்து பார்த்தவள், தன் கைக்கு எட்டும்படி ஒரு சாண் கீழே இறக்கச் சொன்னாள். இறக்கி ஒட்டியிருக்கிறேன், அடுத்த ஞாயிறு வரை அப்படியே இருக்கட்டும்.