ஆக்ஸ்ஃபோர்டு லேனர்ஸ் டிக்‌ஷனரி இணையதளம்: ‘இம்பார்ட்டன்ஸ்’ தேடினால் என்ன கிடைக்கிறது?

ஆங்கில–தமிழ் அகராதியில் ‘இம்பார்ட்டன்ஸ்’ தேடினால் ‘முக்கியத்துவம்’ என்று வரும். ‘சிக்னிஃபிகன்ஸ்’ தேடினாலும் பெரும்பாலும் அதேதான். பொருள் புரிந்துவிடும், வாக்கியம் எழுத வராது. ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேனர்ஸ் டிக்‌ஷனரியின் இலவசத் தளம் கைகொடுப்பது அங்கேதான். 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட காலத்திலிருந்தே அது ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்பவர்களுக்கான அகராதி.

‘இம்பார்ட்டன்ஸ்’ பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது ‘அன்கவுன்டபிள்’ (எண்ண முடியாத பெயர்ச்சொல்) என்ற சின்னக் குறிப்பு. முன்னால் ‘ஒரு’ என்ற பொருள் தரும் ‘ஆன்’ (an) வராது, பின்னால் ‘எஸ்’ சேராது என்று அர்த்தம். அதற்குக் கீழே மூடிக் கிடக்கும் சொற்சேர்க்கைப் பெட்டியைத் தட்டித் திறக்க வேண்டும். தளத்தின் உண்மையான சரக்கு அதற்குள் இருக்கிறது. அதை மூடி வைத்திருப்பதுதான் எரிச்சல். எந்த வினைச்சொல், எந்த அடைமொழி, எந்த முன்னிடைச்சொல் என்று தனித்தனியாகக் காட்டும்.

நாம் சறுக்குவதும் இதில்தான். ‘படிப்புக்கு முக்கியத்துவம் கொடு’ என்பதில் உள்ள ‘கு’வை ‘ஃபார்’ ஆக்கி, ‘கிவ் இம்பார்ட்டன்ஸ் ஃபார் ஸ்டடீஸ்’ என்று எழுதிவிடுகிறோம். வர வேண்டியது ‘டு’. ‘கிவ்’வைவிட ‘அட்டாச் இம்பார்ட்டன்ஸ் டு’ என்பது எழுத்தில் நன்றாக உட்காரும். அதேபோல ‘இட் இஸ் ஆஃப் கிரேட் இம்பார்ட்டன்ஸ்’ என்பதில் ‘ஆஃப்’ விடுபட்டால் வாக்கியமே தவறு. ‘வெரி இம்பார்ட்டன்ட்’ போதுமான இடத்தில் இந்தச் சுற்றுவழியே வேண்டாம்.

‘சிக்னிஃபிகன்ஸ்’ பக்கம் இன்னும் பயனுள்ளது. பின்விளைவு உள்ள முக்கியத்துவம் ஒன்று, ஒரு சொல்லோ சைகையோ உணர்த்தும் பொருள் இன்னொன்று என இரண்டையும் பிரித்து எண்ணிட்டுத் தருகிறது. ஒலிப்பையும் கேட்டுவிடுங்கள்: இரு சொற்களிலும் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுகிறது, ‘சிக்’கில் அல்ல.

ஆய்வுக் கட்டுரை படிப்பவர்களுக்கு மட்டும் இது போதாது. புள்ளியியலில் பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் முடிவை ‘சிக்னிஃபிகன்ட்’ என்பது வழக்கம். ஒப்பிடும் குழுக்களுக்கிடையே உண்மையில் வேறுபாடே இல்லையென்றால் இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாகத் தென்படுவது அரிது என்பதே அதன் பொருள். வேறுபாடு பெரியதா, நடைமுறையில் பயன்படுமா என்பதை அந்த எண் சொல்லாது. அதை ‘முக்கியமான முடிவு’ என்று மொழிபெயர்த்தால் கட்டுரை சொல்லாததைச் சொன்னதாகிவிடும். அதற்குப் புள்ளியியல் கலைச்சொல் அகராதியைத்தான் புரட்ட வேண்டும்.