டிடிஎஸ் மீட்டரைக் காட்டிக் கருவி விற்க வருகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்

ராதாபுரம், திசையன்விளை, வள்ளியூர் பக்கம் உப்புப் போர் வைத்திருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். போர் பைப்பில் மாட்டினால் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடும் என்று சொல்லி ஒரு கருவியை ஊர் ஊராக விற்கிறார்கள். எங்கள் தோட்டத்திலும் 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மாட்டிவிட்டுப் போனார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. பெயரை விட அவர்கள் காட்டிய வித்தையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம். நாளைக்கு வேறு ஒருவர் வேறு பெட்டியோடு வந்து அதையே காட்டலாம்.

எங்களுடையது ஏத்தன் வாழை. இலை ஓரம் கருகிக்கொண்டே வந்தது. அந்த நேரம் பார்த்து வந்தார் விற்பனையாள். போர் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, தண்ணீரில் கரைந்த மொத்த உப்பு எவ்வளவு என்று பார்க்கும், பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரை முக்கினார். 2840 என்று காட்டியது. கருவியை மாட்டி, கொஞ்ச நேரம் மோட்டாரை ஓடவிட்டு, மறுபடி ஒரு டம்ளர் பிடித்தார். 1420. "பாத்தியளா அண்ணாச்சி, மாட்டுன உடனேயே பாதி உப்பு போயிட்டு. போகப் போக இன்னும் குறையும்" என்றார். இரண்டையும் வீடியோ எடுக்கச் சொன்னதும் அவர்தான். மற்ற விவசாயிகளுக்குக் காட்ட வேண்டுமாம்.

வீடியோவைப் பார்த்த அக்கா மகன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அதெப்படி மாமா, இம்மி பிசகாமப் பாதி?"

பெரிதுபடுத்திப் பார்த்தோம். முதல் டம்ளரில் திரையின் மூலையில் மைக்ரோ சீமென்ஸ் என்ற குறி. இரண்டாவதில் பிபிஎம், அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் உப்பு என்ற கணக்கு. விஷயம் அவ்வளவுதான்.

இந்த மீட்டருக்கு உப்பை எடை போடத் தெரியாது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதை மட்டும்தான் அது அளக்கிறது. அந்தக் கடத்துதிறன்தான் மைக்ரோ சீமென்ஸ் கணக்கு. பிபிஎம் என்று காட்டுவது தனியாக அளந்தது இல்லை, அதே எண்ணை உள்ளுக்குள் ஒரு விகிதத்தால் பெருக்கிக் காட்டுகிறது. விலை குறைந்த மீட்டர்கள் பலவற்றில் அந்த விகிதம் 0.5. பட்டனை ஒரு தட்டு தட்டினால் 2840 தானாக 1420 ஆகிவிடும். கருவியே வேண்டாம், டம்ளரைக்கூட மாற்ற வேண்டாம்.

வீட்டிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கு உண்டு. 1420 பிபிஎம் என்றால் ஆயிரம் லிட்டரில் கிட்டத்தட்ட 1.4 கிலோ உப்பு. அதில் பாதி போய்விட்டது என்றால், மணிக்கு 5000 லிட்டர் தரும் போரில் மணிக்கு மூன்றரைக் கிலோ உப்பு எங்கேயாவது சேர வேண்டும். ஆர்.ஓ. மிஷினில் உப்பெல்லாம் சேர்ந்த கழிவுத் தண்ணீர் தனிக் குழாயில் வெளியே போகும். இந்தப் பெட்டியில் கழிவுக் குழாயும் இல்லை, அள்ளிப்போட உப்பும் இல்லை. பைப்பைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள், ஒரு பச்சை விளக்கு. உள்ளே போன உப்பு முழுக்க வாழை மூட்டுக்குத்தான் போகிறது.

போனில் கேட்டபோது வந்த பதிலைக் கேளுங்கள். "உப்பு போகாது அண்ணாச்சி, உப்போட அமைப்புதான் மாறும். அது மீட்டர்ல தெரியாது." விற்கும்போது மீட்டரில் பாதியாகத் தெரிந்தது, பணத்தைத் திருப்பிக் கேட்டதும் மீட்டரில் தெரியாமல் போய்விட்டது!

அப்புறம் கருவிக்கு முன்னால் ஒரு பாட்டில், பின்னால் ஒரு பாட்டில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தோம். அங்கே நீர் மாதிரியும் பார்ப்பார்கள், கட்டணம் குறைவு. இரண்டுக்கும் 2.9 டெசி சீமென்ஸ் என்று வந்தது, அதாவது 2900 மைக்ரோ சீமென்ஸ். பாசனத் தண்ணீரைத் தரம் பிரிக்கும் பழைய அமெரிக்க அட்டவணையில் 2250க்கு மேல் போனாலே மிக அதிக உப்பு என்றுதான் சேர்த்திருக்கிறார்கள். வாழை உப்பைத் தாங்காத பயிர், இலை கருகாமல் என்ன செய்யும்.

இதிலும் ஒரு குழப்பம் வந்தது. இந்த அளவுக்கு மொத்த உப்பைக் கணக்கிடும்போது வழக்கமாக டெசி சீமென்ஸை 640ஆல் பெருக்குவார்கள். அப்படிப் பார்த்தால் 1850க்குப் பக்கம் வரும். "மீட்டர்ல 1420, லேப்ல 1850, அப்போ லேப்தான் தப்பு" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். தண்ணீர் ஒன்றுதான், பெருக்கும் விகிதம்தான் வேறு. அதனால் யார் பிபிஎம் சொன்னாலும் முதலில் மைக்ரோ சீமென்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். அதை வைத்து ஒப்பிட்டால் பாதித் தகராறு வராது.

மீட்டரே மோசம் என்று நான் சொல்லவில்லை. சில நூறு ரூபாய் பேனா மீட்டர் எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, சரியாகப் பயன்படுத்தினால் அந்த விலைக்கு உருப்படியான சாமான். அதன் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அட்டையில் துல்லியம் 2 சதவீதம் என்று போட்டிருக்கும். பல மீட்டர்களில் அது காட்டுகிற எண்ணுக்கு 2 சதவீதம் இல்லை, முழு அளவுக்கு. 9990 வரை அளக்கும் மீட்டரென்றால் 200 கூடலாம் அல்லது குறையலாம். உப்புப் போருக்கு இது பெரிய விஷயமில்லை. ஆற்றுத் தண்ணீர் மாதிரி உப்பு குறைந்த தண்ணீரில் 90, 110 என்று வித்தியாசம் பார்ப்பதற்கு அந்த உத்தரவாதத்தை நம்பிப் பிரயோஜனமில்லை.

ஆயிரத்தைத் தாண்டினால் சில மீட்டர்கள் 284 என்றுதான் காட்டும், பத்தால் பெருக்கு என்ற குறி ஓரத்தில் பொடிசாக இருக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதைக் கவனிக்காமல் தன் போர் தண்ணீர் குடிக்கவே ஆகும் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சூடும் கணக்கு. ஒரு டிகிரி ஏறினால் கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் ஏறும். அதனால் 25 டிகிரிக்குச் சரிக்கட்டிக் காட்டும் வசதி உள்ள மீட்டராக வாங்குங்கள். இருந்தாலும் வெயிலில் கிடந்த பைப்பில் முதலில் வரும் தண்ணீரைப் பிடித்து உடனே எண்ணைப் படிக்காதீர்கள். மோட்டார் கொஞ்ச நேரம் ஓடட்டும். மீட்டரை முக்கி லேசாக ஆட்டி, முனையில் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்து, எண் நிலைத்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போதே 1413 மைக்ரோ சீமென்ஸ் அளவுத் திரவமும் சேர்த்து வாங்கிவிடுங்கள். 25 டிகிரியில் 1413 காட்ட வேண்டும், இல்லையென்றால் திருகியோ பட்டனை அமுக்கியோ சரிசெய்யலாம். மீட்டர் முக்கிய திரவத்தைத் திரும்ப பாட்டிலில் ஊற்றக் கூடாது.

குடிதண்ணீருக்கு இந்திய தர நிர்ணயத்தில் மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. 500க்குக் கீழே காட்டிவிட்டால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தமில்லை. கிருமி, பூச்சிமருந்து எதுவும் இந்த மீட்டருக்குத் தெரியாது. ஃபுளோரைடு இருந்தாலும் தனியாகப் பிரித்துச் சொல்லாது. பாசனத்திலும் அப்படித்தான். ஒரே எண் காட்டும் இரண்டு தண்ணீரில் ஒன்றில் கால்சியம் கூடுதலாக இருக்கலாம், இன்னொன்றில் சோடியம் கூடி மண்ணையே இறுக்கிவிடலாம். அதை ஆய்வகத்தில்தான் பார்க்க முடியும்.

டவுன்காரர்களுக்கும் ஒன்று. பாளையங்கோட்டையில் கொழுந்தியா வீட்டுக்கு ஆர்.ஓ. விற்க வந்தவர், குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டுக் கரண்ட் கொடுத்துப் பழுப்பு நிறமாக்கிக் காட்டியிருக்கிறார். அது தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, கம்பியின் இரும்பு கரைந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் ஓடாது, அதனால் நிறம் மாறாது. அந்த நல்ல தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுத்துவிடும்.

நாங்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. பில்லும் வீடியோவும் இருப்பது நல்லதாகப் போயிற்று. இதே ஆளிடம் வாங்கியவர்கள் உங்கள் வீடியோவிலும் திரையின் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதே மாதிரி குறி மாறியிருந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம். வள்ளியூர் பக்கம் வருகிறவர்கள் மீட்டரையும் கையோடு எடுத்து வாருங்கள். 1413 திரவம் பிரிக்காத பாட்டில் ஒன்று இருக்கிறது, சரிபார்த்துக் கொண்டுபோகலாம்.