பின்சில்லுக்கு இழுவை எப்போது போகிறது? பனி ரோட்டில் ஃபோர் வீல் டிரைவ்கள்

பனியே விழாத கொழும்பில் இருந்துகொண்டு பனி ரோட்டுக் கார்களை அலசுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் வெள்ளவத்தைச் சந்துகளில் நிற்கும் ஹொண்டா வெஸலிலும் டொயோட்டா ப்ரியஸிலும் ‘ஃபோர் வீல்’ என்று போட்டிருப்பவை ஜப்பானின் பனிப் பிரதேசங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. போதாக்குறைக்கு, இங்கே காரைப் பற்றி நாலு வார்த்தை கதைக்கத் தெரிந்தவரை ரொறன்ரோ, ஒஸ்லோ, சூரிச் சொந்தங்கள் சும்மா விடுவதில்லை. ஸ்காபரோவில் இருக்கும் என் தங்கையின் கணவர் இந்த முறை கேட்டது: டொயோட்டா ரவ்4 ஹைபிரிட்டா, சுபாரு ஃபொரஸ்டரா? “எல்லாம் ஃபோர் வீல்தானே மச்சான், விலை குறைந்ததை எடுத்தால் என்ன?” என்ற கேள்வியும் கூடவே வந்தது.

எல்லாம் ஒன்றில்லை. காரின் பின்னால் ஒட்டியிருக்கும் ‘ஃபோர் வீல்’ எழுத்தை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைப் பார்க்கவேண்டும். பின்சில்லுக்கு இழுவை, அதாவது வண்டியை நகர்த்தும் விசை, போவது முன்சில்லு வழுக்கிய பிறகா, அதற்கு முன்பேயா? போனால் எவ்வளவு போகும்? எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்?

சுபாருவிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதன் கதையே பனியில்தான் தொடங்குகிறது. வடக்கு ஜப்பானின் தோஹோகு மின்சார நிறுவனம் குளிர்காலத்தில் கம்பி பார்க்கப் போகும் ஆட்களுக்கு ஜீப்பைவிட வசதியான வண்டி ஒன்று கேட்டது. அதன் விளைவாக 1972இல் லியோன் எஸ்டேட் வான் ஃபோர் வீலில் வந்தது. இன்றைய ஃபொரஸ்டரில் இழுவை எப்போதும் நாலு சில்லுக்கும் போய்க்கொண்டே இருக்கும். சிவிடி எனப்படும் படியில்லாத ஆட்டோ கியர் உள்ளவற்றில் சாதாரண ஓட்டத்தில் முன்னால் 60, பின்னால் 40 என்ற அளவு. கியர்பெட்டிக்குள் இருக்கும் பல தட்டுக் கிளட்ச் நிலைமைக்குத் தக்கபடி அதைக் கூட்டிக் குறைக்கும். பின்சில்லு ஏற்கனவே வேலையில் இருப்பதால், முன்சில்லு சறுக்கத் தொடங்கும்போது புதிதாக எதையும் எழுப்ப வேண்டியதில்லை. பனி மூடிய ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது இந்த வித்தியாசம் காலடியில் தெரியும்: கார் இழுத்து உதறாமல், ஒரே சீராக நகரும்.

அதற்காக சுபாருவை ஏதோ மந்திரவாதி ஆக்கவேண்டாம். முன் அச்சிலும் பின் அச்சிலும் இருப்பது சாதாரண டிஃபரன்ஷல், அதாவது இடது வலது சில்லுகளை வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரத் தொகுதி. முன்னால் இடது சில்லும் பின்னால் வலது சில்லும் ஐஸில் நின்றால், இழுவை அந்த இரண்டுக்குமே ஓடி வீணாகும். மற்ற இரண்டும் நல்ல நிலத்தில் சும்மா நிற்கும். அப்போது காப்பாற்றுவது பிரேக்: சுழலும் சில்லை மட்டும் கணினி பிடித்து நிறுத்தி, இழுவையை எதிர்ப்பக்கம் தள்ளும். வழுக்கும் இடங்களுக்கென்று சுபாரு வைத்திருக்கும் எக்ஸ்-மோட் பட்டன் செய்யும் வேலைகளில் முக்கியமானது இதைக் கூர்மையாக்குவது.

ஔடி குவாட்ரோவின் வழி வேறு. 1980இல் ஜெனீவாக் கண்காட்சியில் வந்த முதல் குவாட்ரோவுக்குப் பொறி தட்டியது பின்லாந்துப் பனியில்: பரிசோதனைக்குப் போன இடத்தில், 75 குதிரைவலு மட்டுமே கொண்ட ஃபோக்ஸ்வாகன் இல்டிஸ் ராணுவ ஜீப் பெரிய ஔடிகளைத் திணறடித்தது. 1980களின் பிற்பகுதியில் வந்த டோர்சன் நடு டிஃபரன்ஷல் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் இருப்பது) முழுக்க முழுக்கப் பல்சக்கர வேலை. சென்சரும் இல்லை, பம்பும் இல்லை. ஒரு அச்சு சறுக்கப் பார்த்தாலே இழுவை மற்றதற்குக் கூடிவிடும். பனி வளைவில் நிதானமாக ஆக்சிலரேட்டரைக் கொடுத்து வர இதைவிட இனிமையானது குறைவு. ஒரு குறை உண்டு. பிடி குறைந்த அச்சு தாங்கும் இழுவையின் சில மடங்கை மட்டுமே டோர்சன் மற்ற அச்சுக்குக் கொடுக்கும். அங்கே பிடி பூச்சியம் என்றால் எத்தனை மடங்கும் பூச்சியம்தான், அப்போது இங்கேயும் பிரேக்கே கை கொடுக்கும். இன்னொன்று, குவாட்ரோ என்ற பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஏ3, டிடி போன்றவற்றில் இருப்பது டோர்சன் இல்லை, ஹால்டெக்ஸ் வகை.

அந்த ஹால்டெக்ஸ் வகைதான் இன்று உலகெங்கும் அதிகம் ஓடும் இனத்தின் மாதிரி. அடிப்படையில் முன்சில்லு இழுக்கும் கார். பின்னால் ஒரு கப்ளிங் இருக்கும், தேவைப்படும்போது பின்சில்லைச் சேர்த்துக்கொள்ளும். 1998 அளவில் வந்த முதல் தலைமுறையில் முன்னும் பின்னும் சுழலும் வேகத்தில் வித்தியாசம் வந்தால்தான் எண்ணெய் அழுத்தம் உருவாகும். அதாவது வழுக்கினால்தான் விழிக்கும். பின்னர் வந்தவற்றில் மின்பம்ப் அழுத்தத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தவுடனேயே கிளட்ச் இறுகிவிடும். இதனால், புதிய வொல்வோ ஒன்றையும் 2000ஆம் ஆண்டுக் கார் ஒன்றையும் ‘ஹால்டெக்ஸ்’ என்று ஒரே கூடையில் போடுவது நியாயமில்லை.

ஹொண்டாவிலும் இதே வளர்ச்சிதான். பழைய சிஆர்-வியின் இரட்டைப் பம்ப் முறை முன்சில்லு சுத்தியபின்தான் பின்சில்லைக் கூப்பிடும். பனி ஏற்றத்தில் ஒரு ‘சர்ர்’ சத்தம், அப்புறம் ஒரு உந்தல், பிறகுதான் வண்டி நகரும். வெஸலில் இருப்பது மின்கட்டுப்பாட்டு வகை, எவ்வளவோ மேல். இவற்றுக்கெல்லாம் கீழே, ஹஸ்லர், வாகன்ஆர் போன்ற சின்ன சுசுக்கிகளின் ஃபோர் வீலில் விஸ்கஸ் கப்ளிங் உண்டு. உள்ளே சிலிக்கோன் திரவம், வேக வித்தியாசம் வந்தால் கூழ் இறுகுவதுபோல் இறுகி இழுவையைக் கடத்தும். தாமதம்தான். ஆனால் வண்டியின் எடை குறைவு, டயர் ஒடுக்கம். உழுத பனியில் இந்தச் சின்ன வண்டிகள் பெரிய ஜீப்புகள் முழிக்கும் இடத்தில் குடுகுடுவென்று போய்விடும்.

இனி ஹைபிரிட். கராஜில் ஹொயிஸ்ட்டில் ஏற்றிக் கீழே நின்று பார்த்தால் ஒரே நிமிடத்தில் விளங்கும். வெஸல் ஃபோர் வீலில் கியர்பெட்டியிலிருந்து நீண்ட ஷாஃப்ட் ஒன்று நடுவால் ஓடி, பின் டிஃபரன்ஷலோடு ஒட்டிய உருளையான கப்ளிங்கில் போய் முடியும். ஈ-ஃபோர் என்று டொயோட்டா பெயர் வைத்த ஃபோர் வீல் ப்ரியஸில் அந்த ஷாஃப்டே இல்லை. எக்ஸோஸ்ட் குழாய் போகிறது, செம்மஞ்சள் நிறக் கேபிள் ஒன்று போகிறது, பின்னால் தனியே ஒரு மோட்டர் உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

மோட்டர் என்பதால் வேகமாகப் பதில் சொல்லும். கிளம்பும் கணத்திலேயே பின்சில்லும் தள்ளும், வழுக்கலுக்குக் காத்திருக்காது. சிக்கல் அளவில்தான். நாலாம் தலைமுறை ப்ரியஸின் பின் மோட்டர் வெறும் 5.3 கிலோவாட். மணிக்கு 70 கிலோமீட்டர் வரைதான் அது உதவிக்கு வரும். வாகனத் தரிப்பிடத்திலிருந்து எடுக்கவும் சிக்னலில் கிளம்பவும் போதும். நீண்ட பனி ஏற்றத்தில் அதை நம்பி ஏற நான் சம்மதிக்கமாட்டேன். அடுத்த தலைமுறையில் அதுவே 30 கிலோவாட் ஆனது. ரவ்4இல் 40 கிலோவாட், பின்னுக்கு 80 சதவீதம் வரை பங்கு போகும். 2020இல் வந்த நிசான் நோட் ஈ-பவர் ஃபோர் வீலில் 50 கிலோவாட். இந்த நோட்டில் இன்னொரு நல்ல விஷயம்: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது மின்சாரம் சேமித்தபடி வண்டியை மெதுவாக்கும் பிடிப்பு முன்னிலும் பின்னிலும் பகிரப்படுகிறது. முன்சில்லு மட்டும் பிடித்தால், பனி வளைவில் காலை எடுத்த மாத்திரத்தில் முன்பக்கம் நேராகச் சறுக்கப் பார்க்கும். ஓட்டிப் பழகியவர்கள் இதைக் கவனிப்பார்கள், விளம்பரம் பார்ப்பவர்கள் கவனிக்கமாட்டார்கள்.

ஹைலக்ஸ், ஜிம்னி போன்ற பகுதிநேர ஃபோர் வீலை இங்கே பலர் ‘உண்மையான ஃபோர் வீல்’ என்பார்கள். முழங்கால் பனியில் உண்மைதான். முன் அச்சும் பின் அச்சும் இரும்பாய்ப் பூட்டிக்கொள்ளும், லோ கியரும் இருக்கிறது. ஆனால் நகரத்துக் குளிர்கால ரோடு அப்படி இருப்பதில்லை: இங்கே பனி, பத்து மீட்டர் தாண்டி உப்புப் போட்ட வெறும் தார், மறுபடி பனி. நடு டிஃபரன்ஷல் இல்லாததால் தாரில் திரும்பும்போது சில்லுகள் ஒன்றையொன்று இழுத்து முறுக்கும். அதற்குப் பயந்து 2எச்சில், அதாவது இரண்டு சில்லு இழுவையில், ஓட்டினால், காலிப் பெட்டியோடு பின்சில்லு மட்டும் இழுக்கும் பிக்கப் ஆகிவிடும். பனியில் அதைவிட மோசமான வாகனம் தேடினாலும் கிடைக்காது. மிட்சுபிஷி மொன்டெரோவின் சூப்பர் செலக்ட் முறை இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்தது. அதன் 4எச்சை, அதாவது நாலு சில்லு இழுவையை, தாரிலும் போட்டுக்கொண்டு ஓடலாம்.

இவ்வளவும் கிளம்புவதைப் பற்றி. நிற்பதைப் பற்றிக் கதைத்தால் இந்தப் போட்டியாளர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் வந்துவிடுவார்கள், ஏனென்றால் சாதாரண முன்சில்லுக் காருக்கும் நாலு சில்லிலும் பிரேக் இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார், உலர்ந்த தாரில் பிரேக் பிடித்ததிலிருந்து 12 மீட்டர் அளவில் நிற்கும். இறுகிய பனியில் டயருக்குக் கிடைக்கும் பிடி அதில் கால்வாசி என்று வைத்தால் 50 மீட்டர். ஐஸில் 100 மீட்டரை நெருங்கும். குவாட்ரோ இதில் ஒரு அடியைக்கூடக் குறைக்காது. குறைப்பது டயர். இன்னும் மோசம், வழுக்காமல் கிளம்பிய கார், ரோடே வழுக்காது என்று ஓட்டுபவரை நம்பவைக்கும்.

ஏறுவதில்கூட டயரின் கணக்கைப் பாருங்கள். எடையில் 60 சதவீதம் முன்னால் இருக்கும் முன்சில்லுக் கார், பிடி (உராய்வுக் குணகம்) 0.2 உள்ள பனியில் 100 மீட்டருக்கு 12 மீட்டர் உயரும் ஏற்றம் வரைதான் ஏறும். அதே டயரோடு ஃபோர் வீல் 20 வரை ஏறும். நல்ல குளிர்கால டயர் பிடியை 0.3 ஆக்கினால், முன்சில்லுக் காரே 18 வரை வந்துவிடும். ஃபோர் வீலுக்குக் கூடக் கொடுக்கும் காசில் கிடைக்கும் லாபத்தின் பெரும்பகுதி ஒரு செட் டயரில் இருக்கிறது, அதுவும் நிற்பதற்கும் திரும்புவதற்கும் சேர்த்து. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிவிடும். வாங்கும்போது பக்கவாட்டில் மூன்று முகடு மலையும் அதற்குள் பனிப்பூவும் உள்ள சின்னம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வெறும் ‘எம்+எஸ்’ எழுத்துக்குப் பனிப் பரிசோதனை எதுவும் பின்னால் இல்லை. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஸ்காபரோ இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டால் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு உண்டு.

ஆகவே மச்சானுக்குச் சொன்னது இது. வேலைக்கும் கோயிலுக்கும் பிள்ளைகளின் வகுப்புக்கும் ஓடுவதென்றால், ஸ்காபரோவின் பெரிய ரோடுகள் பனி வழித்து உப்புப் போட்டவை. ரவ்4 ஹைபிரிட்டும் நல்ல குளிர்கால டயரும் போதும், 100 கிலோமீட்டருக்கு 6 லீட்டர் அளவில் ஓடும். ஃபொரஸ்டர் 8ஐத் தாண்டும். வார இறுதிகளில் வடக்கே, வழிக்காத கிளை ரோடுகளில் போவதென்றால் ஃபொரஸ்டர்தான், யோசிக்க வேண்டாம். ஒரு எச்சரிக்கையும் சேர்த்தேன்: 2019இலிருந்து வந்த ரவ்4 ஹைபிரிட்டுகளில் பின் மோட்டருக்குப் போகும் கேபிளின் இணைப்பை ரோட்டு உப்பு அரித்த பிரச்சினை கனடாவில் பெரிதாகப் பேசப்பட்டது. பழையது வாங்கினால் அந்த இணைப்பைக் காட்டச் சொல்லவேண்டும்.

கொழும்பில் வாங்குபவர்களுக்கு வேறு கணக்கு. நுவரெலியாவில் ஜனவரிக் காலையில் புல்லில் உறைபனி படியும், ரோட்டில் பனி விழாது. தோட்டத்து மண்பாதையில் மழைநாளில் ஏறுவதற்கு ஃபோர் வீல் உதவும். காலி வீதியில் அது சும்மா சுமக்கும் எடை, கூடுதல் பெற்றோல். ஜப்பானின் பனிப் பிரதேசமான ஹொக்கைடோவில் ஓடிய வண்டியென்றால் ஜப்பான் ஏல அறிக்கையில் அடிப்பாகத் துருவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் நீங்களே ஹொயிஸ்ட்டுக்குக் கீழே போய் பிரேக் குழாய்களையும் சஸ்பென்ஷன் போல்ட்டுகளின் தலைகளையும் பாருங்கள். மேலே மினுங்கும் பெயின்ட் எதையும் சொல்லாது.

கப்ளிங் எண்ணெய் மாற்றவேண்டிய ஒன்று என்பதே இங்கே பலருக்குத் தெரியாது. பழைய சிஆர்-வி திரும்பும்போது பின்னால் உறுமி அதிர்ந்தால், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் டிஃபரன்ஷல் தேடி ஓடுவதற்கு முன் அந்த எண்ணெயை மாற்றிப் பாருங்கள். டயரை இரண்டு இரண்டாக மாற்றும் நம் பழக்கம் இதைவிட ஆபத்து. தேய்ந்த சோடியும் புதிய சோடியும் ஒரே வேகத்தில் சுழலாது. கப்ளிங்கோ நடுக் கிளட்சோ ஓயாமல் வழுக்கிச் சூடாகும். சுபாரு நாலு டயருக்கும் இடையில் அனுமதிக்கும் சுற்றளவு வித்தியாசம் 6 மில்லிமீட்டர் சொச்சம்தான். ப்ரியஸ் ஈ-ஃபோருக்கு இந்தத் தலைவலி இல்லை, முன்னையும் பின்னையும் இணைக்கும் இரும்பே அதில் கிடையாது. மற்றவர்கள் டயர் கடையில் காசைக் கொடுப்பதற்கு முன் ஒரு நாடாவால் நாலையும் சுற்றி அளக்கச் சொல்லுங்கள்.